பொட்டியின் இரைச்சல்: டிஎக்ஸ்7-ம் அதன் மென்பொருள் நகல்களும்

நண்பனிடம் பந்தயம் கட்டித் தோற்றதால்தான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அவனுடைய அப்பா தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர், பழைய போர்வை சுற்றி இன்னும் அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப். அதில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்ட டெக்ஸெட் என்ற பிளக்-இன். டிஎக்ஸ்7-ஐ அப்படியே மென்பொருளாக மாற்றிய எமுலேஷன்களில் பலரும் பயன்படுத்துவது அது.

"இது வீணை மாதிரி இல்லடா. மரம் கிடையாது, கம்பி கிடையாது. உள்ள ஓடுறது வெறும் கணக்கு. அதே கணக்கத்தான் என் லேப்டாப்பும் போடுது. ரெண்டுக்கும் வித்தியாசமே இருக்க முடியாது" என்று சொன்னேன். பழைய அனலாக் சிந்தசைசர் என்றால் நானே இப்படிப் பேசியிருக்க மாட்டேன். அதில் ஒவ்வொரு உதிரி பாகமும் சூடேறும், ஸ்ருதி நகரும், இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி ஒலிக்காது. டிஜிட்டல் அப்படியில்லையே. இரண்டும் இரண்டும் நான்கு என்பது 1983லும் நான்குதான்.

இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் இணைத்தோம். ஒரே ஒலியை இரண்டிலும் ஏற்றி, ஒரே ஸ்வரங்களை லேப்டாப்பிலிருந்து மிடி வழியாக இரண்டுக்கும் அனுப்பினோம். அப்பா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். முதல் இரண்டு சுற்றிலும் உதட்டைப் பிதுக்கினார். எது எதுவென்று சொல்ல முடியவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். மூன்றாவது முறை வேகமாக எதுவும் வாசிக்காமல், ஒரு கார்டை அழுத்தி அது தானாக அடங்கும்வரை விட்டோம். பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"இதான் நம்ம பொட்டி."

"எப்படி அங்கிள்?"

"அடங்கும்போது கரகரங்குது பாரு. ரெக்கார்டிங்ல இந்த எரைச்சல மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒங்க கம்ப்யூட்டர்ல அது இல்ல. சுத்தமா இருக்கு."

வெறும் கணக்குப் போடும் பெட்டியில் இரைச்சல் எங்கிருந்து வந்தது? என் லேப்டாப்பில் அது ஏன் வரவில்லை? இந்தக் கேள்விகளோடு வீட்டுக்கு வந்தேன். பதில் தேடி 1967வரை போக வேண்டியிருந்தது.

*

ஜான் சௌனிங் பொறியாளர் அல்ல. தாளக் கருவி வாசித்தவர், பாரிஸில் நாதியா பூலாஞ்சேயிடம் இசையமைப்புப் படித்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். கணினியை இசைக்கருவியாகப் பயன்படுத்தலாம் என்று சொன்ன கட்டுரை அது. சௌனிங் நேராக மேத்யூஸைப் போய்ப் பார்த்தார். ஒரு பெட்டி நிறையத் துளையிட்ட அட்டைகளோடு திரும்பி வந்தார். அந்த அட்டைகள்தாம் நிரல். ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகக் கணினியில் அதை ஓட விட்டார். சில நொடி ஒலிக்காக அந்தக் காலத்துக் கணினி பல நிமிடம் கணக்குப் போட வேண்டும். காத்திருந்து கேட்பார்.

1967இல் அவர் வைப்ராட்டோவோடு விளையாடிக்கொண்டிருந்தார். பாடகர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது குரலைக் கொஞ்சம் அசைத்துக் கொடுப்பாரே, அதுதான். ஒரு நொடிக்கு ஐந்தாறு தடவை ஸ்ருதி மேலும் கீழும் போய் வரும். கணினியில் அசைவுக்கு வரம்பு கிடையாது. சௌனிங் அதை நொடிக்குப் பத்து, ஐம்பது, நூறு என்று ஏற்றிக்கொண்டே போனார். அசைவின் அகலத்தையும் கூட்டினார். ஒரு கட்டத்தில் காது அதை அசைவாகக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஸ்வரம் ஆடுவது போலவே இல்லை. அதன் குரல் மாறிவிட்டது. ஒரு எளிய சைன் அலை, வேறொரு கருவியின் ஒலியாகிவிட்டிருந்தது.

ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையைக் கொண்டு இப்படி வேகமாக அசைத்தால், மூல அலையின் இரண்டு பக்கமும் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. இரண்டு அலைகளின் விகிதம் முழு எண்ணாக இருந்தால் அவை ஒழுங்காக வரிசை கட்டும். பித்தளை ஊதுகருவி போலவோ மரக்குழல் போலவோ கேட்கும். விகிதம் ஒன்றுக்கு 1.4 என்று இருந்தால் வரிசை கலையும். மணியோசை கேட்கும். வானொலி ஒலிபரப்பில் ஏற்கெனவே இருந்த எஃப்எம் கணிதம்தான் இது. ஆனால் சௌனிங் இதைச் சூத்திரத்திலிருந்து தொடங்கிக் கண்டடையவில்லை. காதால் கேட்டார். கணிதம் அதற்குப் பிறகு வந்தது.

இதில் பெரிய லாபம் சிக்கனம். மணியோசையை ஒவ்வொரு அதிர்வெண்ணாகக் கூட்டி உருவாக்க டஜன் கணக்கில் அலைகள் வேண்டும். எஃப்எம் முறையில் இரண்டு போதும். 1973இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் ஸ்டான்ஃபோர்டு இசைத்துறை அவருக்குப் பணி நிரந்தரம் தரவில்லை. அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகத்தின் உரிமப் பிரிவு கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆர்கன் தயாரிப்பாளர்களிடம் போனது. ஹாமண்ட், வுர்லிட்சர் உட்பட யாருக்கும் அது பிடிபடவில்லை. கடைசியில் யமஹாவிலிருந்து கசுகியோ இஷிமுரா என்ற இளம் பொறியாளர் வந்தார். சில நிமிடங்கள் கேட்டதுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் அந்த நிறுவனத்தின் தலைவராகவே ஆனார். யமஹா உரிமம் வாங்கியது, 1977இல் காப்புரிமையும் கிடைத்தது. சௌனிங் மறுபடி ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஒரு காப்புரிமை அதன் ஆயுள் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு ஈட்டிக் கொடுத்தது 2 கோடி டாலருக்கும் மேல்.

*

ஸ்டான்ஃபோர்டு கணினி பல நிமிடம் எடுத்துச் செய்த வேலையை, விரல் பட்ட அந்தக் கணத்திலேயே செய்தாக வேண்டும். அதுவும் ஒரு இசைக்கலைஞர் வாங்கக்கூடிய விலையில். யமஹாவுக்கு இதற்குப் பல வருடங்கள் பிடித்தன. முதலில் வந்த ஜிஎஸ்1 ஒரு கார் விலைக்கு விற்றது. 1983இல் டிஎக்ஸ்7 வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,995 டாலர். ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஆறு சைன் அலைகள். அவற்றை யமஹா ஆபரேட்டர் என்று அழைத்தது. எந்த ஆபரேட்டர் எதை அசைக்க வேண்டும் என்பதற்கு 32 வகை இணைப்புகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 ஸ்வரம், ஆறு ஆபரேட்டர், ஆக 96. நொடிக்கு ஏறத்தாழ 49,000 முறை இந்த 96 அலைகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும். நொடிக்கு சுமார் 47 லட்சம் ஆபரேட்டர் கணக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு சைன் மதிப்பு வேண்டும், அதை ஒலியளவால் பெருக்க வேண்டும். 80களின் தொடக்கத்துச் சிலிக்கானில் பெருக்கல் என்பது இடத்தையும் நேரத்தையும் தின்னும் வேலை.

யமஹா பொறியாளர்கள் பெருக்கவே இல்லை. நம் அப்பா அம்மாக்கள் பள்ளியில் கிளார்க்ஸ் டேபிள் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்ததைத்தான் செய்தார்கள். இரண்டு எண்களைப் பெருக்க, அவற்றின் மடக்கைகளைக் கூட்டி, எதிர்மடக்கை பார்த்தால் போதும். சிப்புக்குள் சைன் அட்டவணையை மடக்கையாகவே பதித்துவிட்டார்கள். அதுவும் முழு அலையை அல்ல, கால் அலையை மட்டும். மீதி மூன்று கால்களையும் திருப்பிப் போட்டும் கவிழ்த்துப் போட்டும் எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பெருக்கல் கூட்டலாகிவிட்டது. ஆனால் கிளார்க்ஸ் டேபிள் பார்த்தவர்களுக்குத் தெரியும், அட்டவணையில் இருப்பது குறிப்பிட்ட தசம இடங்கள் வரைக்கும்தான். விடை கிட்டத்தட்டச் சரியாக வரும். அந்தக் 'கிட்டத்தட்ட' ஒவ்வொரு அலையிலும் ஒரு சின்னப் பிசகை விட்டுவிட்டுப் போகிறது.

அடுத்த சிக்கனம் வாசலில் நடந்தது. சிப் கணக்கிட்ட எண்களை மின்னழுத்தமாக மாற்றினால்தான் ஸ்பீக்கர் பேசும். டிஎக்ஸ்7-இல் இருந்த மாற்றி 12 பிட். அதாவது ஒலி அலையை 4,096 படிகள் கொண்ட படிக்கட்டாகத்தான் அதனால் வரைய முடியும். சத்தமான ஒலிக்கு இது போதும். ஒலி தேய்ந்து அடங்கும்போது சிக்கல். சின்ன அலைக்குக் கிடைப்பது நாலைந்து படிதான், வளைவு முரடாகிவிடும். இதைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ஒலி சிறுத்தால், எண்ணைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு, மாற்றிக்குப் பின்னால் மின்சுற்றில் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்வது. பெரும்பாலான நேரம் இது பலித்தது. ஆனாலும் ஒரு நீண்ட ஸ்வரம் கரைந்து போகும் கடைசி நொடிகளில், படிக்கட்டு போதாமல் அலை உரசிக்கொண்டுதான் இறங்கும்.

நண்பனின் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி கேட்டது அந்த உரசலைத்தான்.

*

டிஎக்ஸ்7 ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. ஆனால் வாங்கியவர்களில் மிகச் சிலரே அதில் சொந்தமாக ஒலி அமைத்தார்கள். காரணம் அதன் முகத்திலேயே இருக்கிறது. திருகும் குமிழ்கள் கிடையாது. தட்டையான பொத்தான்கள், அளவுகளை மாற்ற ஒரே ஒரு நகர்த்தும் கட்டை, இரண்டு வரி எழுத்துகள் மட்டும் தெரியும் எல்சிடி. ஒரு ஒலிக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள். அவற்றை ஒவ்வொன்றாக, கதவிடுக்கு வழியாக வீட்டைப் பார்ப்பது போல, அந்தச் சின்னத் திரையில் தேட வேண்டும். எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்றும் யூகிக்க முடியாது. பிரையன் ஈனோ போன்ற சிலர் அதில் மூழ்கினார்கள். மற்றவர்கள் பெட்டியோடு வந்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாடல்கள் ஒரே ஊர்க்காரர்கள் போல ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஒலிகளில் பதினோராவது, இ.பியானோ 1. பெயர் தெரியாவிட்டாலும் கேட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டது போல ஒரு 'டிங்', அதன் பின்னால் மெத்தென்ற நாதம். எண்பதுகளின் காதல் பாட்டுகள் பலவற்றின் தொடக்கத்தில் வருவது இதுதான். இதில் ஆறு ஆபரேட்டர்கள் மூன்று ஜோடிகளாக நிற்கின்றன. ஒரு ஜோடியில் அசைக்கும் அலை, அசைபடும் அலையைவிட 14 மடங்கு வேகமானது. விசை விழும் கணத்தில் மட்டும் எழுந்து உடனே ஓய்ந்துவிடும். அதுதான் 'டிங்'.

இந்த ஒலி ஒரு நகல். ரோட்ஸ் என்ற மின் பியானோவைப் பின்பற்ற எடுத்த முயற்சி. அந்த ரோட்ஸும் ஒரு நகல்தான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த அமெரிக்க விமானப் படையினருக்காக, ஹரால்டு ரோட்ஸ் என்ற பியானோ ஆசிரியர், விமானத்துக்கான அலுமினியக் குழாய்களை வைத்து மடியில் வைத்து வாசிக்கும் ஒரு குட்டி பியானோவைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பின்னாளைய மின் ரோட்ஸ். பியானோவைப் பின்பற்றிய ரோட்ஸ் பியானோ போல ஒலிக்கவில்லை, ரோட்ஸ் போல ஒலித்தது. ரோட்ஸைப் பின்பற்றிய டிஎக்ஸ்7 ரோட்ஸ் போல ஒலிக்கவில்லை, டிஎக்ஸ்7 போல ஒலித்தது. ஒவ்வொரு முறையும் நகல் கொஞ்சம் தவறியது. தவறிய இடத்தை ஜனங்கள் விரும்பத் தொடங்கினார்கள்.

தமிழ்க் காதுகளுக்கும் எஃப்எம் புதிதல்ல. 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் இசைக் கணினியைப் பயன்படுத்தினார் என்று அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கணினியின் ஒலிப் பகுதி நான்கு ஆபரேட்டர் எஃப்எம் சிப், டிஎக்ஸ்7-இன் தம்பி. இந்தச் சிப்புகளின் சின்ன வாரிசுகள் பிறகு செகா வீடியோ கேம் பெட்டியிலும், பழைய கணினிகளின் சவுண்டு கார்டுகளிலும், 2000களின் தொடக்கத்தில் வந்த செல்போன்களின் பாலிபோனிக் ரிங்டோன்களிலும் உட்கார்ந்திருந்தன. எனக்கு முதலில் தெரிந்த எஃப்எம் ரிங்டோன்தான்.

*

எண்பதுகளின் முடிவில் அலை மாறியது. 1987இல் ரோலண்ட் டி-50, 1988இல் கோர்க் எம்1 வந்தன. நிஜக் கருவிகளின் ஒலிப்பதிவுத் துணுக்குகளை அவை நினைவகத்தில் வைத்திருந்தன. பியானோ பியானோ போலவே கேட்டது. எஃப்எம் ஒலி பழசாகி, கொஞ்சம் கேலிக்குரியதாகவும் ஆனது. டிஎக்ஸ்7-கள் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் போய்ச் சேர்ந்தன. ஒலிகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் உள் பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் ஒருவர் இராப்பகலாக உட்கார்ந்து அமைத்த ஒலிகள் எல்லாம் போய்விடும்.

ஆனால் பெட்டி போனாலும் ஒலி தப்பிக்க ஒரு வழி இருந்தது. டிஎக்ஸ்7-இன் ஒரு ஒலியைச் சேமிக்கத் தேவைப்படுவது 128 பைட் மட்டுமே. முதல் திருக்குறளை யுனிகோடில் தட்டச்சு செய்து சேமித்தால் ஏறக்குறைய இதே அளவுதான் வரும். அந்த மின் பியானோ முழுவதும், டிங்கும் மெத்தென்ற வாலும் சேர்த்து, ஒரு குறள் அளவு. 32 ஒலிகள் கொண்ட ஒரு தொகுப்பு சுமார் 4 கிலோபைட். மிடி வழியாகக் கணினிக்கு அனுப்பி நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒருவர் 1985இல் அமைத்த ஒலியை இன்றைக்கும் என் லேப்டாப் திறக்கும். நினைவகம் இல்லாத பழைய அனலாக் சிந்தசைசர்களில் அமைத்த ஒலிக்கு இந்த ஆயுள் கிடையாது. குமிழ்கள் நின்ற இடத்தைக் காகிதத்தில் குறித்து வைத்தால் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் காப்புரிமை காலாவதியானது. கணினிகளும் வேகம் பிடித்திருந்தன. 2001இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் எஃப்எம்7 என்ற மென்பொருளை வெளியிட்டது. பழைய டிஎக்ஸ்7 ஒலிகளை அதில் ஏற்றி வாசிக்கலாம். அதைச் செய்தவர்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு இன்றைய கணினியின் துல்லியத்தோடு கணக்குப் போட்டார்கள். தசமத்தில் கஞ்சத்தனம் இல்லை. யமஹா ஆசைப்பட்டு, சிலிக்கான் இடம் கொடுக்காததால் விட்டுக்கொடுத்ததை எல்லாம் செய்துகாட்டினார்கள். கேட்ட பழைய ஆட்களில் பலர் நன்றாக இருக்கிறது என்றார்கள். கூடவே, ஏதோ குறைகிறது என்றும் சொன்னார்கள்.

அந்தக் குறையைத் தேடிப் போனவர்களின் கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, கூகுளில் பணியாற்றிய ராஃப் லெவியன் ஆண்ட்ராய்டுக்காக ஒரு டிஎக்ஸ்7 ஒலி இயந்திரத்தை எழுதி, மூல நிரலைத் திறந்து வைத்தார். அதன் மேல் எழுப்பப்பட்டதுதான் என் லேப்டாப்பில் இருக்கும் டெக்ஸெட். இதற்கு முன்பே, 2008இல் இரண்டு ஆர்வலர்கள் சவுண்டு கார்டுகளில் இருந்த யமஹாவின் ஓபிஎல் சிப்பின் உறையை அகற்றி, உள்ளே சிலிக்கானில் பதிந்திருந்த மடக்கை அட்டவணையை ஒவ்வொரு புள்ளியாகப் படித்து வெளியிட்டிருந்தார்கள். 2021இல் கென் ஷிரிஃப் டிஎக்ஸ்7-இன் ஒலிச் சிப்பையே மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் படமெடுத்து, அதன் அட்டவணைகளும் கூட்டல் சுற்றுகளும் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கி எழுதினார். கல்வெட்டுப் படியெடுப்பவர்கள் தேய்ந்த எழுத்தில் மை ஒற்றிப் படிப்பது போன்ற வேலை. யமஹா யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த கிளார்க்ஸ் டேபிளின் பக்கங்கள் அவை.

டெக்ஸெட்டின் அமைப்புப் பக்கத்தை அன்று இரவுதான் முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். அங்கே ஒலி இயந்திரத்துக்கு மூன்று தேர்வுகள் இருந்தன. ஒன்றின் பெயர் மாடர்ன். 24 பிட், சுத்தமான கணக்கு. இன்னொன்று, ஓபிஎல் சிப்புகளைப் போலவே ஒலிக்க முயலும் சோதனை வடிவம். மற்றொன்று மார்க் 1. ஓபிஎல்லின் அதே வழியில், 10 பிட் அட்டவணைகளோடு, அசல் டிஎக்ஸ்7-ஐ நெருங்குவதற்காக எழுதப்பட்டது. நாங்கள் பந்தயம் கட்டியபோது ஓடிக்கொண்டிருந்தது மாடர்ன்.

பந்தயத்தில் நான் எங்கே தவறினேன் என்று அப்போதுதான் பிடிபட்டது. டிஜிட்டல் கருவி வெறும் கணக்கு என்றேன், அது சரி. ஆனால் நான் மனதில் வைத்திருந்தது சௌனிங்கின் சூத்திரம். பெட்டிக்குள் இருந்ததோ, அந்தச் சூத்திரத்தைக் குறைந்த காசில், குறைந்த சிலிக்கானில் ஓட்டுவதற்கு ஹமமட்சுவில் சிலர் செய்த சமரசங்கள். ஜனங்கள் காது கொடுத்துப் பழகியது அந்தச் சமரசங்களோடுதான். எமுலேஷன் எழுதுகிறவர் விடையைச் சரியாகக் கண்டுபிடித்தால் போதாது. 1983இல் எந்த இடத்தில், எவ்வளவு தப்பாக வந்ததோ, அதே இடத்தில் அதே அளவு தப்பாகக் கொண்டுவர வேண்டும். நூறு மடங்கு வேகமான கணினியை வைத்துக்கொண்டு, ஒரு ஏழைச் சிப்பின் கஞ்சத்தனத்தைக் கற்றுக்கொள்ளும் வேலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீணை, தவில் போன்ற கருவிகளை மென்பொருளாக்கினால் அது என்றைக்கும் தோராயம்தான், மரத்தையும் தோலையும் முழுசாக எண்ணாக்க முடியாது. டிஎக்ஸ்7-ஐ, கொள்கை அளவில், கடைசி பிட் வரைக்கும் நகலெடுக்க முடியும். கடைசி மின்சுற்று மட்டும்தான் மிச்சம். இசைக்கருவி வரலாற்றில் பிசகாத நகல் இவ்வளவு பக்கத்தில் வந்தது டிஜிட்டல் கருவிகளில்தான். பியானோவிலிருந்து ரோட்ஸ், ரோட்ஸிலிருந்து டிஎக்ஸ்7 என்று வந்த சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தவறியதால் ஒரு புதுக் கருவி பிறந்தது. தவறவே தவறாத நகலிலிருந்து என்ன பிறக்கும் என்ற கேள்வி எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. பழைய ஒலியை ஈரம் காயாமல் பாதுகாக்கும் மியூசியமாக மட்டும் இது நின்றுவிடுமோ என்று.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை மார்க் 1. அதே கார்டு, அதே நீண்ட வால். அப்பா ஒரு தடவை சரியாகச் சொன்னார், ஒரு தடவை மாற்றிச் சொன்னார், மூன்றாவது தடவை "தெரியலப்பா" என்று திரும்பிவிட்டார். நான் விஷயத்தை விளக்கினேன். அந்தக் கரகரப்பையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், வேண்டுமென்றேதான்.

"எதுக்கு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "நாங்க வேணாம் வேணாம்னு தொரத்துனத நீங்க தேடிப் போய் வச்சிருக்கீங்களே."

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் அந்தக் காலத்தில் இல்லாதவன், அந்த இரைச்சல் எனக்குக் காலத்தின் வாசனையாக வருகிறது என்று சொல்லலாம். அவருக்கு அது வேலைக்கு நடுவே வந்த தொல்லை. இரண்டுமே உண்மைதான். ஒன்றுக்காக இன்னொன்றைப் பொய்யென்று சொல்ல முடியவில்லை. பேசாமல் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

திரையில் ஆறு ஆபரேட்டர்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் ஒலியும் எழுந்து அடங்கும் வடிவம் கோடாக வரையப்பட்டிருந்தது. எது எதை அசைக்கிறது என்று மூலையில் ஒரு சின்னப் படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷம் அந்தப் பெட்டியை வாசித்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு தடவை ஏதோ எண்ணை மாற்றப் போய், கச்சேரிக்கு முந்தின நாள் ஒரு ஒலியைக் கெடுத்துவிட்டாராம். அதிலிருந்து தொட்டதே கிடையாது என்றார்.

"இந்த டிங்கு எங்கருந்து வருது?"

14 என்று இருந்த இடத்தைக் காட்டினேன். அதை 13 ஆக்கச் சொன்னார். பிறகு 9. பிறகு அவரே மவுஸை வாங்கிக்கொண்டார். பக்கத்து அளவை முழு எண்ணிலிருந்து நகர்த்தினார். பியானோ கோணி, பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டியது போல ஒன்று வந்தது. கைவிரலை வைத்து நாலு ஸ்வரம் வாசித்துப் பார்த்தார். மறுபடி எண்ணை மாற்றினார். நண்பனின் அம்மா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

"இத சேவ் பண்ண முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். 128 பைட். பெயர் கேட்டது, பத்து எழுத்துக்கு மேல் கூடாது. அதுவும் 1983இன் சிக்கனம்தான், அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.